கண்டிச் சீமையிலிருந்து கண்டிக்கு

"கண்டிக்குப் போய்விட்டான்" என்று இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிக் கிராமங்களில் ஒரு காலத்தில் ஒருவனைப் பற்றிச் சொன்னால், கேட்டவர் எவரும் கண்டி என்னும் நகரத்தை மனத்தில் எண்ணியதில்லை. அட்டனுக்குப் போனவனும் கண்டிக்குப் போனவன்தான். பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் போனவர்களும் அப்படியே. கடலுக்கு அப்பால், மலைமேல், கோப்பியோ தேயிலையோ விளையும் இடம் எதுவாயினும் அது அவர்களுக்குக் கண்டிச் சீமை. அந்தப் பெயரையும் மூட்டையோடு மூட்டையாகச் சுமந்துகொண்டு வந்தவர்களின் சந்ததியார் இன்று டிக்கோயாவிலும் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றார்கள். அவர்களுள் கண்டி மாநகரை நின்று நிதானித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? வைத்தியசாலைக்குச் சென்று திரும்பியவர் பலர் உண்டு. கலியாணச் சேலை எடுக்கக் கடைவீதிக்குப் போனவரும் உண்டு. பார்ப்பதற்கென்றே போனவர் மிகச் சிலர். இத்தனை ஆண்டு அட்டனுக்கு அருகிலேயே இருந்தும் நாமும் அந்தப் பலரைச் சேர்ந்தவர்தாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மழை ஓய்ந்திருந்த தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இக்குறையைத் தீர்த்துவிடுவது என்று புறப்பட்டோம். நாமும், எமது மனைவியும், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளும், பக்கத்து லயத்துச் சிறுவன் ஒருவனும், அவனுடைய அப்பாயியும் ஆக ஐவர். அப்பாயிக்கு எண்பது வயது. "நாப்பது வருஷம் கொழுந்து எடுத்திருக்கேன், கண்டியிலே ஆஸ்பத்திரியைத் தவிர ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் முன்னதாகப் பஸ் வண்டியில் ஏறிச் சாளரத்தோரம் இடம் பிடித்துக்கொண்டார். மடியில் ரொட்டியும் சம்பலும் கட்டிய பொட்டலம். மகள் கையில் ஒரு குறிப்புப் புத்தகம். பாடசாலையில் ஏதோ கட்டுரை எழுத வேண்டுமாம். காண்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்ளப் போவதாக முதல்நாள் இரவே அறிவித்திருந்தாள்.

கினிகத்தேனையை விட்டு இறங்க இறங்கக் குளிர் விலகுகிறது. கழுத்துத் துணிகள் ஒவ்வொன்றாக மடிக்கு வருகின்றன. தேயிலைச் சரிவுகள் ஒதுங்கி, பலாவும் கமுகும் கித்துளும் வீதியை நெருங்குகின்றன. நாவலப்பிட்டியில் மகாவலி கங்கை வந்து சேர்ந்துகொள்கிறது. அதன்பின் பேராதனை வரை அது நம்மை விட்டும் விடாமலும் கூடவே வருகிறது. இந்த மலைகளில் இருப்புப்பாதை ஏறிய கதையும் சுவையானது. கண்டிக்கு 1867இலும், நாவலப்பிட்டிக்கு 1874இலும், அட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு அதற்கடுத்த ஆண்டிலும் புகைவண்டி வந்தது. கீழே இறக்க வேண்டிய கோப்பி மூட்டைகளும் பின்னர் தேயிலைப் பெட்டிகளும் மலைமேல் இருந்தமையால் பாதை மேலே மேலே ஏறிற்று. மனிதர் பிரயாணம் செய்வது அந்நாளில் இரண்டாம் பட்சமே.

கம்பளையில் பஸ் சற்று நேரம் நின்றது. பதினான்காம் நூற்றாண்டில் சிங்கள அரசின் தலைநகராக விளங்கிய ஊர் இது. இன்று கடைகளின் நெருக்கத்தில் அந்தப் பெருமையைத் தேடிக் காண்பது அரிது. ஆனால் தோட்டத்து மக்களுக்கு இவ்வூரில் வேறொரு சம்பந்தம் உண்டு. அருகேயுள்ள சின்னப்பிட்டியவில்தான் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் போட்டார். அதற்குக் கூலியாட்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தார்கள். கோப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வந்து, பறிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவதே முதலில் வழக்கமாக இருந்தது. தேயிலை அப்படிப்பட்டதன்று. ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் கிள்ள வேண்டும். ஆகவே தேயிலை வந்த பின்னர், வந்தவர்கள் பெண்டு பிள்ளைகளோடு தங்கினார்கள். நம் மக்கள் இம்மலைகளில் வேரூன்றியதற்கு ஒரு செடியின் இயல்பே காரணம் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

அந்தச் செடி முதலில் கால் வைத்த இடத்துக்கே எமது பஸ் எம்மைக் கொண்டுபோய் விட்டது.

பேராதனைத் தாவரவியல் பூங்கா மகாவலியின் வளைவுக்குள் குதிரை இலாடம்போல் அமைந்திருக்கிறது. பரப்பு 147 ஏக்கர். மூன்று புறமும் ஆறு. கண்டி மன்னர்கள் காலத்தில் அரச தோட்டமாக இருந்த இவ்விடத்தை 1821இல் ஆங்கிலேயர் தாவர ஆராய்ச்சிக்கென ஒழுங்கு செய்தார்கள். அலெக்சாந்தர் மூன் என்பவர் அப்போது பொறுப்பாக இருந்தார். கோப்பியும் கறுவாவும் நட்டுப் பார்ப்பதே தொடக்கத்தில் நோக்கம். உலகின் எந்த மூலையிலிருந்து எந்தச் செடி வந்தாலும் முதலில் இங்கே நட்டு, வாழுமா வாடுமா என்று சோதிப்பார்கள். 1824இல் சீனத்திலிருந்தும் 1839இல் அசாமிலிருந்தும் தேயிலை இங்கே வந்தது. அப்போது அதை எவரும் பெரிதாக எண்ணவில்லை. நாடே கோப்பிப் பித்துப் பிடித்து அலைந்த காலம் அது. 1869இல் கோப்பி இலையின் அடிப்புறத்தில் துருப்போன்ற பூஞ்சணம் கண்டது. பூங்காவின் தலைவராயிருந்த துவெயிட்ஸ் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். மருந்துதான் கிடைக்கவில்லை. இருபது ஆண்டுக்குள் கோப்பி மடிந்தது, தேயிலை எழுந்தது.

இவற்றை நாம் சொல்லிக்கொண்டிருக்கையில் சிறுவன் கேட்கவில்லை என்பதை உண்மையின் பொருட்டுச் சொல்லிவிட வேண்டும். அவன் மூங்கில்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றங்கரையோரம் நிற்கும் அந்த இராட்சத மூங்கில், மழைக் காலத்தில் நாளொன்றுக்கு ஓரடி வளரும். "காலையிலே என்னைவிடக் குட்டை, மறுநாள் என்னைவிட நெட்டையா?" என்று தன் உயரத்தை அளந்து பார்த்தான். பெரிய புற்றரையின் நடுவே கிளை பரப்பி நிற்கும் சாவகத்து அத்தி மரம் ஒன்றே ஒரு தோப்பு. அதன் நிழலில் எத்தனை குடும்பங்கள் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தாலும் இன்னும் இடம் மிஞ்சும். எமது ரொட்டியும் அங்கேதான் தீர்ந்தது. உயரமான மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தலைகீழாகத் தொங்கி, பகலிலேயே சந்தைக் கூச்சல் போடுகின்றன. சீசெல்ஸ் தீவுகளிலிருந்து வந்த இரட்டைத் தேங்காய் மரமும் பார்க்கத் தக்கது. தாவர உலகில் அதைவிடப் பெரிய விதை இல்லை. ஒரு காய் முற்ற ஏழு ஆண்டு வரை செல்லுமாம். பெண்களுக்கு ஓர்க்கிட் மாளிகை பிடித்துப்போயிற்று. அதைப் பற்றி எழுதுவதற்கு எமக்குப் பூக்களின் பெயர் தெரியாது. மனைவியாருக்குத் தெரிந்திருந்தும் எழுதமாட்டார்.

பனைமர வீதி ஒன்று இருக்கிறது, 1887இல் நட்டது. யாழ்ப்பாணத்திலும் இராமநாதபுரத்திலும் கேட்பாரற்று நிற்கும் பனை, இங்கே இருமருங்கும் அணிவகுத்து, பெயர்ப்பலகையோடு அரச மரியாதையில் நிற்பதைக் கண்டதும் அப்பாயிக்குச் சிரிப்புத் தாளவில்லை. "நம்ம ஊர்க்காரன் வேட்டியை மாத்திக்கிட்டு நிக்கிறான்" என்றார். அவர் பனை விளையும் ஊரைக் கண்ணால் கண்டவரல்லர். இங்கே பிறந்து இங்கேயே கிழமானவர். ஆனாலும் அது "நம்ம ஊர்".

பூங்காவின் ஒரு பகுதியில், இந்நாட்டுக்கு வந்த பெருமக்கள் நட்ட மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் நட்டவர் பெயரும் ஆண்டும். மகள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். 1901இல் இங்கிலாந்து இளவரசர் ஜோர்ஜும் இளவரசி மேரியும் நட்ட மரம் இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது. விண்வெளிக்கு முதன்முதல் சென்ற யூரி ககாரின் 1961இல் நட்ட மரமும் உண்டு. அவள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டே போனாள். இளவரசர் நட்ட மரத்துக்கு ஆங்கிலத்தில் பீரங்கிக் குண்டு மரம் என்று பெயர். காய்கள் குண்டுபோல் உருண்டையாகத் தண்டிலேயே தொங்குவதால் வந்த பெயர். அப்பாயி அருகே சென்று, உதிர்ந்து கிடந்த மலரொன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, கையிரண்டையும் குவித்தார். "நாகலிங்கம்ல இது! இதுக்கா குண்டுன்னு பேரு வச்சான்?" இதழ்கள் நாகம்போல் குடை பிடிக்க உள்ளே சிறு இலிங்கம் இருப்பதைச் சிறுவனுக்குக் காட்டிக் கொடுத்தார். ஒரே மரம், காயைப் பார்த்தவன் ஒரு பெயர் வைத்தான், பூவைப் பார்த்தவன் ஒரு பெயர் வைத்தான்.

ஆற்றுக்கு அப்பால் தெரிவது கன்னொறுவை. 1638இல் இரண்டாம் இராஜசிங்க மன்னன் போர்த்துக்கேயப் படையை அழித்த களம் அது. இரு நூற்றாண்டு கழியுமுன் அங்கேயே ஆங்கிலத் தேசாதிபதி பார்ன்ஸ் கோப்பி பயிரிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் போர்ப்படையின் தலைமைச் செயலகத்தை இப்பூங்காவிலேயே நடத்தினார். பூங்காவை அடுத்து, 1952 முதல் பல்கலைக்கழகம். தோட்டப் பாடசாலைகளிலிருந்து படித்து முன்னேறி அங்கே கால் வைத்த பிள்ளைகள் உண்டு. வாயிலை விட்டு வெளியே வந்ததும் மகள் அந்தத் திசையைத் திரும்பிப் பார்த்தாள். நாம் ஒன்றும் கேட்கவில்லை.

பேராதனையிலிருந்து கண்டி நான்கு மைல். நகருக்குச் சிங்கள மக்கள் மகாநுவர என்று பெயர் சொல்வார்கள். பெருநகரம் என்று பொருள். செங்கடகல என்பது பழம் பெயர். மலைநாடு என்று பொருள்படும் கந்த உடரட்ட என்ற தொடரைப் போர்த்துக்கேயர் நாவில் தேய்த்துக் கண்டியாக்கினார்கள் என்பர். பெயரே நாட்டைக் குறித்துப் பிறந்தது என்றால், தேயிலை விளைந்த மலையையெல்லாம் கண்டிச் சீமை என்ற நம் பாட்டன்மாரைப் பிழை சொல்ல எவருக்கும் உரிமையில்லை!

ஏரிக்கரையில் இறங்கினோம். சுற்றிவர ஏறத்தாழ இரண்டு மைல். வெயில் மங்கிய நேரத்தில் மரநிழலில் நடந்து பார்த்தால்தான் கண்டியின் அழகு தெரியும். நான்கு புறமும் மலை, நடுவே நீர், நீரின் நடுவே சிறு தீவு. மாளிகைப் பக்கத்துக் கரையில் அலை அலையாக வெட்டப்பட்ட மதில். அதற்கு முகில் மதில் என்று பெயர். வெண்முகில் தரையிறங்கினாற்போலவே இருக்கிறது. விளக்கு வைப்பதற்கென முக்கோண மாடங்களும் அதில் உண்டு. இந்த ஏரி பழங்காலத்துக் குளம் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அன்று. கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1807 முதல் 1812 வரை வயல் நிலத்தில் அணை கட்டி அமைத்தது. இராஜகாரியம் என்ற பெயரால் குடிமக்களைக் கூலியின்றி வேலை வாங்கியதால் ஊரெங்கும் மனக்கசப்பு மூண்டது. முணுமுணுத்த தலைவர்களைக் கொடுமையாகத் தண்டித்தான் என்ற கதையும் வழங்குகிறது. ஏரி முடிந்து மூன்றாண்டுக்குள் மன்னன் இல்லை. மண் சுமந்தவர்கள் யார் யார் என்பதும் எங்கும் எழுதப்படவில்லை.

அந்த மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி. ஆம், தமிழ்ப் பெயர்தான். 1739இல் சிங்கள அரச வமிசத்தில் வாரிசு இல்லாது போகவே, மதுரைப் பக்கத்திலிருந்து பெண் கொடுத்திருந்த நாயக்கர் குடும்பத்தில் பட்டத்தரசியின் சகோதரன் அரியணை ஏறினான். அதுமுதல் 1815 வரை நாயக்கர் நால்வர் கண்டியை ஆண்டார்கள். நாயக்கர் பூர்வத்தில் தெலுங்கர். எனினும் கண்டி அரசவையில் தமிழும் புழங்கியது. இதைக் கொண்டு கண்டியைத் தமிழ் இராச்சியம் என்று பெருமை பேசுவோரை நாம் கண்டிருக்கிறோம். அது வீண் பேச்சு. அவர்கள் பௌத்த அரசர்களாகவே ஆண்டார்கள். அவர்களில் இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில்தான், அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் பிக்குத் தீட்சை 1753இல் சயாமிலிருந்து மீண்டும் கொண்டுவரப்பட்டது. கடல் கடந்து வந்தவன் ஊரின் சமயத்தைப் போற்றி வளர்த்தான். ஊர் அவனை ஏற்றுக்கொண்டது. அதில் உள்ள பெருமை இரு சாராருக்கும் உரியது.

தலதா மாளிகையை வெளியே நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஏரியை நோக்கி நிற்கும் எண்கோண மண்டபம். பத்திரிப்புவ என்பார்கள். தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி கடைசி மன்னனுக்காகக் கட்டியது. மன்னன் அதில் நின்று குடிகளுக்குக் காட்சி தருவானாம். இன்று ஓலைச்சுவடிகள் அங்கே இருக்கின்றன. வாயிலில் காவலர் பைகளைச் சோதித்தே உள்ளே விடுகிறார்கள். 1998 ஜனவரியில் இங்கே குண்டு வெடித்து உயிர்கள் மாண்ட துயரத்தை எவரும் மறந்துவிடவில்லை. செருப்பை வாங்கி வைத்த முதியவர் அப்பாயியின் கையைப் பிடித்துப் படியேற உதவினார். அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்குச் சிங்களம் அரைகுறை. தாமரை மொட்டுகளை எந்தப் பக்கமாக வைப்பது என்பதை இருவரும் கையாலேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

மாளிகைக்கு எதிரே தேவாலயங்கள். நாத தேவாலயம் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நகரில் அதனினும் பழைய கட்டடம் இல்லை என்பர். அதையடுத்துப் பத்தினி தேவாலயம். பத்தினி வேறு யாருமல்லள், நம் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அந்தக் கயவாகுவே பத்தினி வழிபாட்டை இங்கே கொணர்ந்தான் என்பது இந்நாட்டார் மரபு. எசல பெரஹராவில் நாதர், விஷ்ணு, கதிர்காமத்துக் கந்தன், பத்தினி ஆகிய நால்வரின் ஊர்வலங்களும் தலதா ஊர்வலத்தின் பின் செல்கின்றன. சிலப்பதிகாரத்தைப் பாடப் புத்தகத்தில் மாத்திரம் கண்டிருந்த மகள், அதன் தலைவிக்குச் சிங்களப் பெண்கள் விளக்கேற்றுவதைச் சற்று நேரம் அசையாமல் நின்று பார்த்தாள்.

இனி, எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்த இடத்துக்கு வருவோம். மாளிகையை ஒட்டிச் செதுக்கு மரத்தூண்கள் தாங்கும் திறந்த மண்டபம் ஒன்று இருக்கிறது. மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபம் அது. சுவரில்லை, ஓட்டுக் கூரையும் தூண்களுந்தாம். தூண்களின் வேலைப்பாட்டைப் பார்ப்பதற்கே ஒரு நாள் போதாது. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனைப் பிடித்த பின்னர், 1815 மார்ச் 2ஆந் திகதி இம்மண்டபத்தில்தான் கண்டிப் பிரதானிகள் கூடி, நாட்டை ஆங்கிலேய முடியிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. அந்தப் பத்திரத்திலுள்ள பிரதானிகளின் கையொப்பங்களுள் சில தமிழ் எழுத்தில் அமைந்தவை என்பதைப் பலரும் அறிவார்கள். மேடையிலும் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அதன் மூன்றாம் பிரிவைப் பற்றி ஏனோ அவ்வளவாகப் பேசுவதில்லை. மன்னனின் உறவினர் கண்டி மாகாணங்களுக்குள் அனுமதியின்றி நுழையலாகாது என்பதோடு அப்பிரிவு நிற்கவில்லை. அப்போது வெளியேற்றப்பட்ட மலபார் இனத்து ஆண்கள் எவரும் அனுமதியின்றித் திரும்பி வரக் கூடாது. வந்தால் அதே தண்டனை என்றும் விதிக்கிறது. மலபார் என்று அக்கால ஐரோப்பியர் எழுதியது தமிழரைத்தான்.

தூணருகே நின்று இதை நாம் சொன்னபோது, அதுவரை அணிலைத் துரத்திக்கொண்டிருந்த சிறுவன் திரும்பினான்.

"வரக்கூடாதுன்னு எழுதினாங்களா, மாமா? அப்ப நாம எப்படி வந்தோம்?"

"எழுதியவர்களே பிறகு அழைத்தார்கள். அந்த மை காய்ந்து பத்து வருஷம் ஆவதற்குள் கம்பளையில் கோப்பி நட்டாயிற்று. பழம் பறிக்க ஆள் வேண்டியிருந்தது."

அவன் யோசித்தான். "வேணாம்னா வேணாம், வேணும்னா வேணுமா?" என்றான்.

அவன் வயதுக்கு அது போதுமான விடை. வளர்ந்த பின் மிச்சத்தையும் படித்துக்கொள்வான்: நாடு சுதந்திரமடைந்த 1948இலேயே பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியதையும், 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டதையும், எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்ததையும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற சொல் ஓய்ந்ததையும். அப்பாயியின் தங்கை ஒருத்தி அந்த ஒப்பந்தத்தில் போனவள். தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிப் பக்கம் சேர்ந்து, அங்கும் தேயிலையே கிள்ளினாளாம். தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் 1968 முதல் தேயிலைத் தோட்டங்கள் அமைத்திருந்தது. "போன எடத்துலயும் அவளுக்குக் கண்டிக்காரின்னுதான் பேரு" என்றார் அப்பாயி.

மன்னன் என்னவானான் என்று மகள் கேட்டாள். மெதமகாநுவரைக்கு அருகே 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டான். மறு ஆண்டு ஜனவரியில் தேவிமாரோடும் சுற்றத்தாரோடும் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பி, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது. 1990இல் தமிழ்நாட்டு அரசு அதன்மேல் மண்டபம் எழுப்பியது. அவனுடைய சிங்காசனமும் முடியும் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்து, கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றன. கண்டி மன்னனைத் தமிழ் நாட்டுக்குக் கப்பல் கொண்டுபோன அதே காலத்தையொட்டி, தமிழ் நாட்டு ஏழைகளைக் கண்டிச் சீமைக்குத் தோணி கொண்டுவரத் தொடங்கிற்று. இரண்டு பிரயாணங்களுக்கும் ஆணையிட்டவர் ஒருவரே.

பிற்பகல் மூன்று மணிக்கு மேலாயிற்று. உடவத்தைக் காட்டுக்கும் போகலாம் என்றார் மனைவியார். எமக்கோ மகியாவைக்குப் போக வேண்டும் என்று எண்ணம். "பூங்கா பார்க்க வந்த இடத்தில் மயானம் எதற்கு?" என்ற நியாயமான கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமலே எல்லாரையும் அழைத்துச் சென்றோம்.

கட்டுகஸ்தோட்டை வீதியில், நகரின் வடக்கெல்லையில் மகியாவை மயானம் இருக்கிறது. நகரசபைத் தொழிலாளரான தமிழ்க் குடும்பங்கள் வாழும் குடியிருப்பும் அந்தப் பகுதியிலேதான். அங்கே ஒரு வீட்டில் அப்பாயிக்குத் தண்ணீர் கேட்டோம், தேத்தண்ணியே கிடைத்தது. வழியும் அவர்களே காட்டினார்கள். ஜேம்ஸ் டெயிலரின் சமாதி அங்கேதான். ஸ்கொத்லாந்திலிருந்து 1852இல், மீசை அரும்பாத வயதில் வந்தவர். ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டு, பங்களாத் திண்ணையில் மேசைமேல் கொழுந்தைக் கையால் திருகித் தூளாக்கிப் பழகினார். இலங்கைத் தேயிலையின் வாணிகம் அந்த 19 ஏக்கரிலிருந்து தொடங்கியது. மணம் செய்துகொள்ளவில்லை, தோட்டத்தை விட்டு வெளியே போனதும் அரிது. கடைசியில் தோட்ட உரிமையாளரே அவரை வேலையினின்றும் நீக்கினார்கள். போக மறுத்து அங்கேயே 1892 மே 2இல் இறந்தார்.

அவர் பிரேதம் கண்டிக்கு வந்த விதத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். பாரம் மிகுந்த உடல். பன்னிருவர் பன்னிருவராக இருபத்துநான்கு ஆட்கள், நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, மலைப்பாதையில் தூக்கி வந்தார்கள். கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னே நடந்தார்கள். சாமி துரை என்று அவரை அழைப்பார்களாம். துரைமாரைப் பற்றி நம் மக்கள் சொன்ன சொற்களில் இது ஒன்றே நல்ல சொல்லாக இருக்கலாம். கல்லில் அவர் பெயர் தெளிவாக இருக்கிறது. மகள் அதையும் எழுதிக்கொண்டாள்.

"தூக்கிட்டு வந்தவங்க பேர் எங்கே, அப்பா?" என்றாள்.

கல்லைச் சுற்றி வந்து பார்த்தாள். இல்லை.

வெளியே வந்தபோது அப்பாயியைக் காணோம். பதறித் தேடினால், வீதியோரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். தம்புள்ளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும் பஸ்கள் அவரைக் கடந்து இரைந்துகொண்டு சென்றன.

"மாத்தளைக்கு இதானே ரோடு?" என்றார்.

இதுதான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளைக்கு வந்து, மாத்தளையில் இளைப்பாறி, கண்டிக்கு ஏறியவர்கள் இந்தத் திசையிலிருந்துதான் வந்தார்கள். வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்து வந்தவர்கள் மாத்தளையில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நடந்தார்கள். 2023இல் அவர்கள் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே சென்றதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அப்பாயியின் பாட்டியின் தாய் அந்த வழியில் வந்தவள். இடுப்பில் ஒரு பிள்ளையோடு புறப்பட்டு, பிள்ளையில்லாமல் வந்து சேர்ந்தாளாம். பாட்டி சொல்லக் கேட்டதாக அப்பாயி சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. சிறுவன் பக்கத்தில் போய் நின்றான். சிறிது நேரம் கழித்து அவனும் செருப்பைக் கழற்றினான். ஏன் என்று அவனுக்கும் தெரிந்திராது.

திரும்பும் பஸ்ஸில் கம்பளை வரும்போதே இருட்டிவிட்டது. நாவலப்பிட்டிக்கு மேல் குளிர் ஏற, கழுத்துத் துணிகள் மீண்டும் மேலே ஏறின. சிறுவன் தூங்கிப்போனான், அவன் சட்டைப் பையில் நாகலிங்கப் பூ வாடிக் கறுத்துக் கிடந்தது. அட்டன் நகரத்து விளக்குகள் தெரிந்தபோது, நழுவி விழப்போன குறிப்புப் புத்தகத்தை எடுத்து வைத்தோம். கடைசிப் பக்கம் திறந்திருந்தது. மேலே டெயிலரின் பெயரும் ஆண்டும். கீழே ஒன்று முதல் இருபத்துநான்கு வரை ஒழுங்காக இலக்கம் இட்டு, ஒவ்வொன்றின் எதிரேயும் இடம் விட்டிருந்தாள்.